உடம்பில் தங்கிவிடும் போதை: ஃபென்டானில் அடிமைத்தனமும் அதற்கான சிகிச்சையும்

பெல்ஜியத்தின் பால் யான்சென் 1960 வாக்கில் உருவாக்கிய ஃபென்டானில், இன்றும் அறுவைச் சிகிச்சை அரங்குகளில் தினந்தோறும் பயன்படும் நல்ல வலிநிவாரணி. மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது என்பதால் மயக்க மருத்துவர்கள் அதை மைக்ரோகிராம் கணக்கில் அளந்து கொடுப்பார்கள். நோயாளியின் மூச்சும் அப்போது கண்காணிப்பில் இருக்கும். மருத்துவமனையில் இதைக் கொடுத்தால் யாரும் பயப்பட வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் உயிர்களைப் பறிப்பது, பெரும்பாலும் கள்ளத்தனமாகத் தயாராகும் ஃபென்டானில். அது ஹெராயினில் கலந்து வருகிறது. ஆக்ஸிகோடோன் என்ற வலிநிவாரணி மாத்திரை போலவே அச்சடித்தும் வருகிறது. பழக்கமில்லாத ஒருவரைக் கொல்ல 2 மில்லிகிராமே போதும். ஒரு மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. 2022இலும் 2023இலும் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போதைமருந்தின் அளவு மீறி இறந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் மரணத்தில் ஃபென்டானில் போன்ற செயற்கை ஓபியாய்டுகளுக்கு, அதாவது அபின் போல் வேலை செய்யும் மருந்துகளுக்கு, பங்கு இருந்தது.

மூளைச் செல்களில் உள்ள மியூ ஏற்பிகளில்தான் இந்த மருந்து ஒட்டிக்கொள்கிறது. வலி அடங்குவதும், இதமான மயக்கம் வருவதும், மூச்சு மெதுவாவதும் அதே ஏற்பிகள் வழியாகத்தான். தொடர்ந்து எடுத்தால் ஏற்பிகள் மந்தமாகி, அதே விளைவுக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். இதற்கிடையே, மருந்து அழுத்திவைக்கும் நார்அட்ரினலின் செல்கள் (உடம்பை விழிப்பிலும் பரபரப்பிலும் வைப்பவை) அதை ஈடுகட்ட வேகமெடுத்திருக்கும். மருந்து திடீரென்று நின்றால் அந்த வேகம் கட்டவிழ்ந்து வெளிப்படும். வியர்வை, மயிர்க்கூச்சு, வாந்தி, வயிற்றுப்போக்கு, கால் உதறல், தூக்கமின்மை எல்லாம் அதிலிருந்து வருபவை. இந்த அவதிக்கு விலகல் அறிகுறிகள் என்று பெயர். பழக்கம் முற்றியவர்களில் பலர் இன்பத்துக்காக எடுப்பதில்லை, இந்த அவதியைத் தள்ளிப்போடவே எடுக்கிறார்கள். இதை மன உறுதிக் குறைவு என்று பேசுகிறவர்கள் உடம்பில் நடப்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

ஃபென்டானில் கொழுப்பில் எளிதில் கரையும். அதனால்தான் ஓரிரு நிமிடங்களில் மூளைக்குள் நுழைகிறது, அதே வேகத்தில் வெளியேறிக் கொழுப்புத் திசுக்களுக்குப் போகிறது. ஓரிரு முறை மட்டும் எடுத்தவருக்கு அதன் விளைவு விரைவில் தீர்ந்துவிடும். தினமும் பலமுறை எடுப்பவரின் உடம்போ எண்ணெய் ஊறிய துணி போல் ஆகிவிடுகிறது. நிறுத்திப் பல நாள் ஆன பிறகும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குள் கசிந்துகொண்டே இருக்கும். சிலருக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரு வாரத்துக்கு மேலும் தெரியும்.

சிகிச்சை தொடங்கும்போது சிக்கல் வருவது இங்கேதான். முதன்மை மருந்துகளில் ஒன்றான ப்யூப்ரினார்ஃபின், மியூ ஏற்பியை மிக இறுக்கமாகப் பற்றும். ஆனால் அதைப் பாதியளவே தூண்டும். ஏற்பிகளில் ஃபென்டானில் நிறைந்திருக்கும்போது இதைக் கொடுத்தால், அதைத் தள்ளிவிட்டு இது உட்காரும். முழுத் தூண்டல் ஒரே வீச்சில் பாதியாகச் சரிய, கடுமையான விலகல் அறிகுறிகள் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஒருமுறை இதை அனுபவித்தவர் அந்த மருந்தின் பக்கமே திரும்ப மாட்டார்.

ஹெராயின் காலத்தில் 12 மணி நேரம் காத்திருந்தால் போதும் என்றார்கள். ஃபென்டானிலுக்கு அந்தக் கணக்கு பலருக்குப் பொருந்துவதில்லை. கடிகாரத்தை நம்பாமல், நாடித்துடிப்பு, கண்பாவை, வியர்வை, கொட்டாவி முதலிய 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் அளவுகோலில் 13ஐத் தாண்டும்வரை காத்திருப்பது ஒரு வழி. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். காத்திருக்க முடியாதவர்களுக்கு, அரை மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் படிப்படியாக உயர்த்தும் முறை உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவான முறை இது. எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ப்யூப்ரினார்ஃபினின் வழக்கமான தினசரி அளவு 16 மில்லிகிராம். ஃபென்டானில் பழக்கத்துக்கு 24 வரை தேவைப்படலாம். வில்லையை நாக்குக்கு அடியில் கரைய விட வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி வீணாகும். கரைந்ததும் வாய் கொப்பளிப்பது பற்களைக் காக்கும். தினமும் எடுக்கச் சிரமப்படுபவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது.

இரண்டாவது மருந்தான மெத்தடோன் ஏற்பியை முழுமையாகத் தூண்டுவதால் இந்தக் காத்திருப்பு வேண்டியதில்லை. ஆனால் அது உடம்பில் மெதுவாகச் சேரும். இன்று கொடுத்த அளவின் முழு விளைவு தெரிய நான்கைந்து நாளாகும். பொறுமையிழந்து வேகமாக உயர்த்தினால், மூன்றாம் நான்காம் நாளில் தூக்கத்திலேயே மூச்சு நிற்கலாம். இதயத் துடிப்பின் தாளமும் குலையக்கூடும் என்பதால் சிலருக்கு ஈசிஜி எடுப்பார்கள். மூன்றாவது மருந்து, ஏற்பியைத் தூண்டாமல் அடைத்துவிடும் நால்ட்ரெக்ஸோன். அதற்கு முன் 7 முதல் 10 நாள் எந்த ஓபியாய்டும் எடுக்காமல் இருக்க வேண்டும். பெரும்பாலோர் அதுவரை தாக்குப்பிடிப்பதில்லை.

ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்து நஞ்சை இறக்கி வீட்டுக்கு அனுப்புவதை மட்டும் சிகிச்சை என்று நம்பாதீர்கள். அந்த ஒரு வாரத்தில் தாங்குதிறன் இறங்கிவிடும், ஏக்கம் இறங்காது. திரும்பி வந்து பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்து வெளிவரும் முதல் சில வாரங்கள் அத்தனை ஆபத்தாக இருப்பதும் இதனால்தான். ப்யூப்ரினார்ஃபினிலோ மெத்தடோனிலோ தொடர்ந்து இருப்பவர்களின் மரண அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஆண்டுக்கணக்கில் எடுத்தாலும் அதில் தவறில்லை. ஒரு போதைக்குப் பதில் இன்னொன்று என்று சொல்லி இதை நிறுத்தச் செய்யும் உறவினர்கள், தெரியாமலே உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2023 தொடக்கத்திலிருந்து, கட்டுப்பாட்டு மருந்துகளை எழுதும் உரிமம் பெற்ற எந்த மருத்துவரும் தனி அனுமதி இல்லாமல் ப்யூப்ரினார்ஃபின் எழுதலாம். குடும்ப மருத்துவரிடமோ அவசரப் பிரிவிலோ கேட்கலாம். சில மருந்துக்கடைகள் இருப்பு வைப்பதில்லை, முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். இந்தப் பழக்கத்துக்கான மெத்தடோனுக்கு அனுமதி பெற்ற மையங்களுக்கே போக வேண்டும். 1-800-662-4357 என்ற அரசு உதவி எண்ணில் இரவு பகலாக இலவசமாக விவரம் தருவார்கள். எந்த மையத்தில் சேர்ந்தாலும் முதலில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த மருந்துகளைத் தருகிறீர்களா, இங்கிருந்து போன பிறகும் தொடர்வீர்களா, பழக்கம் திரும்பினால் வெளியேற்றுவீர்களா? முதல் இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றோ, மூன்றாவதற்கு ஆம் என்றோ பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

சிகிச்சையில் இருந்தாலும் வீட்டில், ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்ஸோன் மூக்குத் தெளிப்பான் வைத்திருங்கள். 2023 முதல் அமெரிக்காவில் அது மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. உலுக்கியும் எழாமல், உதடு நீலம் பாய்ந்து, மூச்சு குறட்டையாகவோ அரிதாகவோ இருந்தால் உடனே 911ஐ அழைத்து, ஒரு நாசியில் தெளித்து, 5 விநாடிக்கு ஒருமுறை வாய்வழி மூச்சு கொடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் அடுத்த நாசியில் இரண்டாவது தெளிப்பு. சைலசீன் என்ற விலங்கு மயக்க மருந்து கலந்திருந்தால் மூச்சு திரும்பியும் விழிப்பு வராமல் இருக்கலாம்; அப்போது தெளித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை, மூச்சைக் கவனித்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நலோக்ஸோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் முடிந்துவிடும், ஃபென்டானில் அதற்குப் பிறகும் இருக்கக்கூடும். எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும், மருத்துவ உதவி வரும்வரை அவரைத் தனியே விடக் கூடாது.