சிப்பாய் பொம்மையின் முழங்கை

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி டவுன் பஸ் திரும்பும். திரும்பும்போதெல்லாம் கூடத்து அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். மேல் தட்டில் இருக்கும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை அதற்காகவே காத்திருந்ததுபோலத் தலையையும் இடுப்பையும் அசைக்க ஆரம்பித்துவிடும். கீழ்த் தட்டில் ஒரு காலை மடக்கி மண்டியிட்டு, துப்பாக்கியை நீட்டிப் பிடித்திருக்கும் ஆறங்குலச் சிப்பாய் பொம்மையோ இம்மியும் அசையாது.

இரண்டுமே மூட்டுகளால் ஆனவைதான். தலையாட்டியைத் துண்டு துண்டாகத் தூக்கிப் பார்த்தால் விஷயம் புரியும். கவிழ்த்த கிண்ணம்போல உள்ளே குடைவாக இருக்கும் ஒவ்வொரு துண்டும் தனக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையில் உட்கார்ந்திருக்கிறது. துண்டின் எடையில் பெரும்பகுதி அந்த முனைக்குக் கீழே தொங்குகிறது. தட்டினால் ஒரு பக்கம் சாயும். எடை அதை இழுத்துத் திரும்பவும் நடுவுக்குக் கொண்டுவரும். கடிகாரப் பெண்டுலத்துக்குக் காகிதக்கூழில் பாவாடை கட்டியதுபோல. முனையில் உராய்வு மிகக் குறைவு என்பதால் ஆட்டம் நிற்க நெடுநேரம் ஆகிறது.

சிப்பாய் பொம்மைக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. விரல்கள் திருப்பினால் மூட்டு திரும்ப வேண்டும். விரல்களை எடுத்துவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். சின்ன வயதில் விளையாடிய பொம்மைகளின் புதிய பதிப்புகளை நாற்பது வயதில் தேடித் தேடி வாங்கும் என்னைப் போன்றவர்கள் பெட்டியைப் பிரித்ததும் முகத்தைப் பார்ப்பதில்லை, முழங்கையை மடக்கிப் பார்க்கிறோம். நாற்பது ஆண்டுகளில் மிக அதிகமாக மாறியது அந்த இடம்தான்.

‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற பெயரே இந்த மூட்டுப் பொம்மைகளுக்கு 1964-இல் வந்தது. பையன்கள் ‘பொம்மை’ என்றால் வாங்கமாட்டார்கள் என்று பயந்த ஹாஸ்ப்ரோ நிறுவனம், தன் பன்னிரண்டங்குலச் சிப்பாயான ஜி.ஐ. ஜோவுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. 1982-இல் அதே ஜோ மூன்றேமுக்கால் அங்குலத்துக்குச் சுருங்கி மறுபிறவி எடுத்தான். அதே ஆண்டு மாட்டெல் நிறுவனத்தின் வாள்வீரன் ஹீ-மேனும் கடைக்கு வந்தான். எண்பதுகளின் இறுதியில் ஃபன்ஸ்கூல் என்ற இந்தியப் பொம்மை நிறுவனம் வழியாக ஜி.ஐ. ஜோ நம்மூருக்கும் வந்து சேர்ந்தான். எனக்குக் கிடைத்தது அவன் அல்ல. மாசிமகக் கடைத்தெருவில் அப்பா பேரம் பேசி வாங்கிக்கொடுத்த பெயரில்லாத நகல் அது. ஆனால் உள்ளமைப்பு அதேதான்.

அந்த உள்ளமைப்பு இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. முதுகில் ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றினால் மார்பு இரண்டு பாதியாகப் பிரியும். உள்ளே விரல் மோதிரம் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம். வளையத்தின் மேல்பக்கம் மார்புக்குள் மாட்டியிருக்கும்; கீழ்ப்பக்கம் இடுப்பு வழியாக இறங்கி, கால்கள் இரண்டையும் பிடித்திருக்கும் உலோகக் கொக்கியில் மாட்டியிருக்கும். வளையம் இழுபட்ட நிலையிலேயே இருப்பதால் கால்களை இடுப்போடும் இடுப்பை மார்போடும் இறுக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் உராய்வு; உராய்வால் நிலை. பொம்மை உட்கார்ந்தது, குனிந்தது, இடுப்பைத் திருப்பியது எல்லாம் அந்த ஒற்றை வளையத்தின் தயவு.

கோளாறும் அங்கேதான். இயற்கை ரப்பர் மூலக்கூறுச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றில் மிகச் சிறிதளவே இருக்கும் ஓசோன் அவற்றைத் தேடிப்பிடித்து வெட்டும். தளர்வாகக் கிடக்கும் ரப்பரைவிட இழுத்துக் கட்டிய ரப்பருக்குச் சேதம் அதிகம். இழுவிசைக்குக் குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் விழுந்து, ஒவ்வொன்றும் இழுவையால் இன்னும் அகலும். விளையாடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் வளையம் அறுவது இதனால்தான். ஒருநாள் என் சிப்பாயை எடுத்தேன். கால்கள் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று கையோடு வந்தன.

அவனை எழுப்பி நிறுத்தியது மோட்டார் பம்பு உதிரிப்பாகக் கடை. டெல்டாவில் பம்புசெட் இல்லாத ஊர் ஏது? கடைக்காரர் பொம்மையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார், சிரிக்கவில்லை. “ஓ-ரிங்தானே, எந்த சைஸ்?” என்று கேட்டு ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். நான்காவதாக எடுத்தது பொருந்தியது. சிலிக்கோன் ரப்பரில் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் முதுகெலும்பு சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி, ஓசோன் வெட்டுவதற்கு அதில் இரட்டைப் பிணைப்பு கிடையாது.

புதிய பதிப்புகளில் மூட்டுகள் தனித்தனியே தம்மைத் தாமே பிடித்துக்கொள்கின்றன. பள்ளிப் பாடத்தில் படித்த பெயர்களே இங்கும் செல்லும்: தோளில் பந்துக் கிண்ண மூட்டு, முழங்கையில் கீல் மூட்டு, கழுத்தில் முளை மூட்டு. பந்தை அதைவிட ஒரு மயிரிழை சிறிய கிண்ணத்துக்குள் அழுத்திச் செருகுகிறார்கள். கிண்ணத்தின் பிளாஸ்டிக் விரிந்து, திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் ஆசைதான் பிடிப்பு. பிடி கூடினால் திருப்பும்போது பந்தின் கழுத்து முறியும், குறைந்தால் கை தொங்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கைக்குத் தெரிந்துவிடும்.

முழங்கையைக் கவனியுங்கள். ஒற்றைக் கீல் ஏறக்குறைய 90 பாகை மடங்கியதும் நின்றுவிடும். முன்கையின் சதை மேற்கையில் போய் இடித்துக்கொள்கிறது. இப்போதைய பொம்மைகளில் முழங்கைக்குள் ஒரு சிறு துண்டு ஒளிந்திருக்கிறது. அதன் இரு முனைகளிலும் ஆளுக்கொரு கீல். முதல் கீல் மடங்கி இடிக்கும் நேரத்தில் இரண்டாவது வேலையைத் தொடங்குகிறது. கை தோளைத் தொடுகிறது. 1982-இன் ஹீ-மேனுக்கு அசையும் இடங்கள் ஆறுதான்: தலை, இரு கை, இடுப்பு, இரு கால். வாளை ஓங்க முழங்கையே மடங்காது! 2020-இல் ‘ஆரிஜின்ஸ்’ என்ற பெயரில் அதே உயரத்தில், அதே தோற்றத்தில் வந்தவனுக்குப் பதினாறு. இந்த வகைதான் எனக்குப் பிடிக்கும். அதே ஆண்டு வந்த ஆறங்குல ஜோக்கள் அழகுதான், ஆனால் அவை என் சிறுவயதின் பொம்மைகள் அல்ல. ஆரிஜின்ஸைப் பார்த்த என் தங்கை “நம்மிடம் இருந்தது இப்படித்தானே மடங்கும்?” என்றாள். மடங்கியதே இல்லை. நினைவில் எப்போதோ மடங்கிவிட்டிருக்கிறது.

பெரிய பொம்மைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நீட்டிய கை கீழே விழாமல் இருக்க, எடை மூட்டைத் திருப்பும் விசையை உராய்வு தாங்க வேண்டும். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்கு. கையின் நீளமும் இரட்டிப்பதால் திருப்புவிசை பதினாறு மடங்கு. மூட்டின் பரப்போ நான்கு மடங்குதான், அதன் ஆரம் இரண்டு மடங்கு. ஆக, உராய்வின் தாங்கும் திறன் எட்டு மடங்கோடு நின்றுவிடுகிறது. கணக்கில் பாதி துண்டு விழுகிறது. இதைச் சரிக்கட்டப் பெரிய பொம்மைகளை உள்ளே குடைவாக வார்க்கிறார்கள், மூட்டுக்குள் பற்களும் வைக்கிறார்கள். திருப்பும்போது ‘டக் டக்’ என்று ஒலிப்பது அந்தப் பற்கள்தான். பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஒவ்வொரு படியிலும் விழுந்து நிற்குமே, அந்த உத்திதான். கையில் கொடுக்கும் ஆயுதத்தையும் மறக்கக் கூடாது. கையின் எடையில் பாதியே உள்ள துப்பாக்கியானாலும், கையின் எடை மையத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் தோளிலிருந்து தள்ளி இருந்தால் கை மொத்தமும் தரும் சுமையை அதுவும் தருகிறது.

புதுப் பொம்மையில் சில சமயம் மூட்டுக்குள் சாயம் ஊறி ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டால் போயிற்று. ஒரு மணிக்கட்டை அப்படித்தான் முறித்தேன்; முளை உள்ளேயே தங்கிவிட, கை மட்டும் விரலோடு வந்தது. இப்போது டபராவில் வெந்நீர் ஊற்றி, மூட்டை ஒரு நிமிடம் முக்கி வைக்கிறேன். சூட்டில் பிளாஸ்டிக்கின் சங்கிலிகள் நழுவ இடம் கிடைக்கிறது. மென்மையாகத் திருப்பினால் ஒட்டு விடும். பெட்டியில் வளைந்துபோய் வந்த வாளையும் இப்படியே நிமிர்த்தி உடனே குளிர்ந்த நீரில் வைத்தால், நிமிர்ந்தபடியே இறுகும். காபி டபராவில் இதைச் செய்ததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், நியாயம்தான். தளர்ந்த பந்து மூட்டுக்கு நிறமற்ற நகப்பூச்சை மெல்லிய படலமாகத் தடவி, முழுக்க உலர்ந்த பிறகு மாட்டலாம்.

டெல்டாவின் புழுக்கம் தனிக்கதை. மிருதுவான பி.வி.சி. என்பது கடினமான பிளாஸ்டிக்கோடு நெகிழ்வூட்டி எனும் எண்ணெய்ப் பதமான பொருளைக் கலந்தது. அந்தப் பொருள் சங்கிலிகளோடு பிணைந்திருப்பதில்லை, நடுவே சும்மா குடியிருக்கிறது. ஆகவே மெல்ல வெளியே கசிகிறது. வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. பழைய பொம்மையின் கால் பிசுபிசுப்பது இதனால்தான். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய செல்லுலாய்டு பொம்மைகளில் இந்த வேலையைச் செய்தது நம் கற்பூரம். டப்பாவில் வைத்த கற்பூரம் எப்படிக் காணாமல் போகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அது போகப் போக அந்தப் பொம்மைகளும் சுருங்கி வெடித்தன. பிசுபிசுப்பை இளம் சோப்பு நீரில் கழுவிவிடலாம். காற்றுப் புகாத டப்பாவில் மட்டும் அடைக்கக் கூடாது, கசிந்தது போக வழியில்லாமல் மேலேயே படிந்துகொண்டிருக்கும். மஞ்சளிப்பது வேறு வியாதி, அதற்குக் காரணம் வெயிலின் புற ஊதாக் கதிர். ஜன்னலிலிருந்து தள்ளி வைப்பது தவிர எளிய வைத்தியம் இல்லை.

இடையில் ஒரு வேடிக்கை. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களைச் செய்பவர்களுக்கும் மட்டும் விலக்கு. ஆக, என் அலமாரியின் கீழ்த் தட்டு சட்டத்துக்கு உட்பட்டது, மேல் தட்டுக்கு விலக்கு உண்டு.

நவராத்திரிக்கு இரண்டு தட்டுமே கொலுவுக்கு இறங்கும். போன வருடம் பம்புசெட் வளையம் போட்ட பழைய சிப்பாய், கீழ்ப்படிப் பூங்காவில் பாசிப்பயறு முளைவிட்ட புல்வெளியில் காவல் நின்றான். புதியவன் அவனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். பத்தாம் நாள் பெட்டி கட்டும்போது அம்மா மண் பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றி, மூலைக்கு மூலை நாப்தலீன் உருண்டை போட்டார். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். சிப்பாய்கள் இருவரையும் வெளியே எடுத்து, மடக்கிய கால்களை நீட்டி நிமிர்த்தி, துப்பாக்கிகளைப் பிடுங்கிக்கொண்டு, அலமாரிக்கே திருப்பி அனுப்பினேன். வாசலில் பஸ் திரும்பியது.