ஆவி வெளியேறாத பை ஆகாது

துணிப் பராமரிப்புத் துறையில் இருப்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: “வீட்டிலேயே டிரை கிளீன் பண்ண ஒரு பை விற்கிறார்களாமே, அதை நாமே தைத்துக்கொள்ள முடியாதா?” கேட்பவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளைகளுக்காகக் கேட்கிறார்கள். அங்கே வீட்டுக்கு வீடு டிரையர் உண்டு, துவைத்த துணியைச் சூடான காற்றில் புரட்டி உலர்த்தும் மெஷின்; துணியை இந்தப் பைக்குள் போட்டு அதில்தான் ஓட்டுவார்கள். அங்கே ஒரு கோட்டு டிரை கிளீன் செய்யக் கடையில் கொடுக்கும் கூலிக்கு இங்கே புதுச் சட்டையே வாங்கிவிடலாம். இப்போது நம் ஊரிலும் துவைத்து உலர்த்தித் தரும் மெஷின்கள் வந்துவிட்டதால் இங்கிருப்பவர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

தைக்கலாம், ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் அந்தப் பைக்குள் நடப்பது டிரை கிளீனிங் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது புரியாமல் செய்கிறவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

கடையில் கொடுக்கும் துணியும் நனையத்தான் செய்கிறது. தண்ணீருக்குப் பதில் கரைப்பானில் நனைகிறது, அவ்வளவுதான். தண்ணீர் பட்டால் கம்பளி இழை ஊதும், அதைப் போட்டு அலசினால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கிவிடும். கரைப்பான் இழையை ஊதவைக்காது, எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். உலகம் முழுக்க அதிகம் புழங்கிய கரைப்பான் பெர்குளோரோஎத்திலீன், தொழிலில் ‘பெர்க்’ என்போம். தீப்பிடிக்காது என்பது அதன் பெரிய வசதி. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வகைப்படுத்தியிருக்கிறது. பத்தாண்டுக்குள் டிரை கிளீனிங்கில் அதை முற்றிலும் நிறுத்த வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 டிசம்பரில் விதி போட்டது. நம் ஊரில் சிறிய கடைகள் பலவற்றில் எம்டிஓ எனப்படும் மினரல் டர்பன்டைன் என்ற பெட்ரோலியக் கரைப்பான் புழங்குகிறது. அது தீப்பிடிக்கும் சரக்கு.

வீட்டுப் பையின் கதை வேறு. 1999இல் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் ‘டிரைல்’ என்ற பெயரில் ஒரு கிட்டை அமெரிக்கா முழுக்க விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஒரு நைலான் பை, கறை எடுக்க ஒரு திரவம், ஒருமுறை மட்டும் பயன்படும் ஈரத்துணி, இவைதான் சரக்கு. துணிகளையும் ஈரத்துணியையும் பைக்குள் போட்டு டிரையரில் ஓட்டினால், ஈரத்துணியிலுள்ள தண்ணீர் ஆவியாகித் துணிக்குள் புகும். சுருக்கம் தளரும், வாசம் போகும். பிசுக்கும் அழுக்கும் போகாது, கழுத்துப்பட்டையில் படிந்த வியர்வைக்கறையும் போகாது. ஒருமுறை கட்டிக் கழற்றிய உடுப்பைப் புத்துணர்ச்சியாக்கும் வேலை இது. அந்த அளவில் நல்ல வேலைதான், கடைக்குப் போகும் தடவைகள் பாதியாகக் குறைந்தாலே லாபம்.

சரி, இனி பைக்கு வருவோம். தைத்துக் காட்டுகிறேன் என்று கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றே. ஆவி வெளியே போகாமல் இறுக்கி மூடுகிறார்கள். இரட்டைத் தையல், முழு ஜிப், சிலர் உள்ளே ரெயின்கோட் துணியே வைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் கொதிநிலையில் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் பிடிக்கும். ஈரத்துணியில் 25 மில்லி தண்ணீர் இருந்தால்கூட இரண்டு குடிநீர்க் கேன் கொள்ளும் அளவு ஆவி. அது போக வழியில்லாவிட்டால் டிரையர் ஆறும்போது துணி மேலேயே திரும்பத் தண்ணீராகும். கோட்டில் ஈரத் திட்டு விழும், சுருக்கம் முன்பைவிட அதிகமாகும். சிகரெட் நாற்றமும் சமையல் வாசமும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். வாசத்தைச் சுமந்துகொண்டு ஆவி வெளியேறினால்தான் துணி சுத்தமானதாக மணக்கும். அதற்காகத் தொளதொளவென்று திறந்துவிட்டால் ஆவி துணிக்குள் புகுவதற்கு முன்பே ஓடிவிடும். முதல் பாதியில் ஆவி நிற்க வேண்டும், மறுபாதியில் போக வேண்டும். வாய்ப்பட்டியை மூடும்போது இரு முனையிலும் விரல் நுழையும் அளவு விட்டுவைத்தால் பெரும்பாலும் போதும்.

துணி தேர்வில் சாதாரண பாலித்தீன் கூடவே கூடாது. அது 110 டிகிரி அருகில் உருகிவிடும், அதற்கு முன்பே இளகி ஒட்டத் தொடங்கும். டிரையர் காற்று பொதுவாக அவ்வளவு சூடாவதில்லை. ஆனால் வடிகட்டியில் பஞ்சு அடைத்துக் காற்றோட்டம் குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. நைலானும் பாலியஸ்டரும் 200 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், நெருக்கமாக நெய்த அந்தத் துணிகளையே எடுங்கள். வெள்ளையாக இருக்கட்டும். சாயம் போட்ட பாலியஸ்டர் சூட்டில் தன் நிறத்தை வெளிர் ரவிக்கைக்குத் தானம் செய்த கதைகளை நான் பார்த்திருக்கிறேன். தையல் நூலும் பாலியஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் சுருங்கினால் தையல் இழுத்துக்கொள்ளும். உலோக ஜிப் வேண்டாம், சூடேறித் துணியைச் சுடும், டிரையருக்குள் சுழலும் டிரம்மையும் கீறும். வெல்க்ரோ என்றால் கொக்கிப் பக்கம் உள்ளே தெரியாதபடி மடிப்பு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷிஃபான் இழை ஒன்று மாட்டினாலே போச்சு. மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர் மூலையில் துணி போய் ஒண்டிக்கொள்ளும். அப்புறம், பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. உள்ளே துணி புரள இடம் வேண்டும்.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். “தண்ணீர் போட்டால் டிரை கிளீன் இல்லையே, அப்போ பெட்ரோல், தின்னர் ஏதாவது நனைத்துப் போடலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. விளையாட்டாகக் கேட்பதில்லை, வீட்டில் வாளியில் பெட்ரோல் ஊற்றிப் பட்டுப்புடவை அலசும் பழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. பெட்ரோல் ஆவி உறைபனிக்கும் கீழே, ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். அந்த ஆவி காற்றைவிட கனமானது. தரையோடு ஊர்ந்து அடுத்த அறையின் பூஜை விளக்கு வரை போகும். நைலான் துணி உரசினாலே பொறி வரும். அதைச் சூடான டிரையருக்குள் அனுப்பினால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் பட்ட துணி ஒருமுறை துவைத்திருந்தாலும் டிரையருக்குள் போகக் கூடாது. எண்ணெய் ஊறிய சமையலறைத் துணியும் அப்படித்தான். சூட்டோடு குவியலாகக் கிடந்தால் தானே சூடேறிப் பற்றும்.

பட்டுப்புடவை பற்றித் தனியாகக் கேட்பார்கள். காஞ்சிப் பட்டை எந்தப் பையிலும் போட்டு டிரையரில் ஓட்டாதீர்கள். அசல் ஜரிகை, பட்டு நூலின் மேல் சுற்றிய வெள்ளிக் கம்பிக்குத் தங்கமுலாம் பூசியது. புரட்டிப் புரட்டி அடித்தால் கம்பி பிரிந்து நூலை விட்டு எழும்பும், சேர்த்து வைக்க முடியாது. கல்யாணத்துக்குக் கட்டிக் கழற்றிய புடவையை நிழலில் சில மணி நேரம் காயவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தாலே போதும். எண்ணெய் சிந்தியிருந்தால் தேய்க்காமல் முகப்பவுடரைத் தூவி ஊறவிட்டுத் தட்டிவிட்டுக் கடையில் கொடுங்கள். எங்கே, என்ன பட்டது என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள், அவருக்கு அதுவே பாதி வேலை.

கோட்டு, கம்பளி ஸ்வெட்டர், சுடிதார் போன்றவற்றில் உள்ளே தைத்திருக்கும் சீட்டிலுள்ள பராமரிப்புக் குறியைப் பார்த்துவிட்டுப் பையில் போடுங்கள். வெறும் வட்டம் என்றால் கடையில் டிரை கிளீன் செய்யலாம். வட்டத்துக்குள் ‘பி’ இருந்தால் பெர்க்கும் ஆகும், ‘எஃப்’ என்றால் பெட்ரோலிய வகைக் கரைப்பான் மட்டும், ‘டபிள்யூ’ என்றால் கடைக்காரர் தண்ணீர் முறையில் சுத்தம் செய்யலாம். சதுரத்துக்குள் வட்டம் வரைந்து அதன்மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் டிரையர் ஆகாது. பை காப்பாற்றும் என்று கிட் விற்பவர்கள் சொல்வார்கள். நான் அந்தக் குறி உள்ள எதையும் போடுவதில்லை. தோல், ஃபர், வெல்வெட், ஒட்டுமணி வேலை செய்த உடுப்பு எதற்கும் இந்தப் பை வேண்டாம். மெல்லிய சூட்டில், கால் மணியிலிருந்து அரை மணி நேரம் ஓட்டி, நின்றதும் உடனே எடுத்துத் தொங்கவிடுங்கள். பைக்குள்ளேயே ஆறவிட்டால் மடிப்பு அப்படியே நிலைத்துவிடும். பையையும் அவ்வப்போது துவையுங்கள். பாலியஸ்டர் பழைய வாசத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அடுத்த கோட்டுக்கு மாற்றிவிடும்.