கரட் துண்டு அப்படியே வெளியே வருவது ஏன்?

யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் முதலில் கிணற்றைத்தான் சந்தேகிப்போம். நியாயமான சந்தேகமே. இங்குள்ள சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழியின் கழிவு நிலத்தடி நீரை எளிதில் அடைந்துவிடும். ஆனால் கிருமியால் வரும் வயிற்றோட்டம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். நான்கு வாரம் தாண்டியும் நாளுக்கு நாலைந்து தடவை தண்ணீராகப் போகிறது, பிள்ளையோ முற்றத்தில் ஓடித் திரிகிறது, கிளினிக் பதிவேட்டில் நிறைக்கோடு ஒழுங்காக ஏறுகிறது என்றால் காரணம் வேறு. ‘சிறுபிள்ளை வயிற்றோட்டம்’ (toddler's diarrhoea) எனப்படும் இது ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் அடிக்கடி காணப்படுவது.

வெறுமையாக இருக்கும் சிறுகுடலில், மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளும் அலை ஒன்று அவ்வப்போது ஓடும். சாப்பாடு வந்ததும் அது நின்று, உணவைப் பிசைந்து கலக்கும் அசைவு தொடங்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் பலரில் அந்த அலை சாப்பிட்ட பிறகும் ஓய்வதில்லை. கரட்டும் போஞ்சி விதையும் நிறம் மாறாமல் வெளியே வருவது இந்த அவசரத்தால்தான். நீரை உறிஞ்சப் பெருங்குடலுக்கும் நேரம் போதாது.

பழச்சாறு இதைக் கூட்டிவிடும். அப்பிள் சாற்றில் குளுக்கோசைவிடப் புருக்டோசு அதிகம், சோர்பிட்டோலும் உண்டு. சிறுகுடல் உறிஞ்சாமல் விட்ட இந்தச் சர்க்கரைகள், உப்புத் தூவிய மாங்காய்த் துண்டில் நீர் ஊறுவதுபோல, குடலுக்குள் நீரை இழுக்கின்றன.

கொழுப்பு இதற்கு நேர்மாறு. அது சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தொட்டதும், குடலின் வேகத்தைத் தணிக்கும் ஓமோன்கள் சுரக்கின்றன. நாமோ வயிறு சரியில்லை என்று தேங்காய்ப்பாலையும் நல்லெண்ணெயையும் விலக்கி, கஞ்சித் தண்ணீரும் பழச்சாறுமாகக் கொடுக்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம், ஆனால் குடலின் வேகத்துக்கு இருந்த தடையையும் கழற்றிவிடுகிறோம். பல வாரங்கள் பத்தியத்தில் வாடும் பிள்ளை உண்மையாகவே மெலியத் தொடங்கலாம். எனக்குப் பெரிய கவலை அதுதான்.

சாற்றை நிறுத்திப் பழத்தைப் பழமாகக் கொடுங்கள். தாகத்துக்குக் கொதித்தாறிய நீர் போதும். புட்டுக்குத் தேங்காய்ப்பூவைக் குறைக்காதீர்கள், பால்கறியும் முட்டையும் இருக்கட்டும். பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. பள்ளி செல்லும் வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும்.

மலத்தில் இரத்தம், காய்ச்சல், தொடர் வாந்தி, நிறை குறைதல், எண்ணெய்ப் பசையுடன் மிதக்கும் மலம், இரவில் தூக்கத்தைக் கலைத்துப் போகும் வயிறு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காரணம் வேறாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.