தெற்கு ஜன்னலில் மணல், வடக்கு ஜன்னலில் வெயில்

ஆப்பிரிக்காவின் நமீபியாவில், பாலைவனத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் ஒரு ஊர் கோல்மன்ஸ்கோப். அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அந்த ஊரின் படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். வெளிறிய நீலச் சுவர். பாதி திறந்தபடியே புதைந்து நிற்கும் மரக்கதவு. ஜன்னல் வழியாக இறங்கி, அறையில் இடுப்பளவுக்கு ஏறிக் கிடக்கும் மணல். பெரிய கலைஞர் யாரோ எடுத்தது என்று நினைப்போம். பாதிக்கு மேல், லீவு போட்டுவிட்டு நமீபியா போன ஒரு வங்கி ஊழியரோ பள்ளி ஆசிரியரோ எடுத்ததாகத்தான் இருக்கும். கேமராவோடு அங்கே போகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே படத்தோடுதான் திரும்புகிறார்கள்.

காரணம் இருக்கிறது. அந்தப் படத்தில் பாதி வேலையைக் காற்று முடித்து வைத்திருக்கிறது, கால்வாசியை வறட்சி. மிச்சம் இருக்கும் கால்வாசிதான் கேமராக்காரருக்கு. நிறையப் பேர் கோட்டை விடுவதும் அந்தக் கால்வாசியில்தான்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். நமீபியாவின் தென்மேற்குக் கடற்கரையில் லூடரிட்ஸ் துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உள்ளே தள்ளி கோல்மன்ஸ்கோப். 1908-ல், தண்டவாளத்தில் குவிந்த மணலை வாரிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளியின் கண்ணில் ஒரு மின்னும் கல் பட்டது. அதை மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டாவ்கிடம் கொடுத்தார். ஸ்டாவ்க் கோடீஸ்வரர் ஆனார், லெவாலாவுக்கு ஒன்றும் தேறவில்லை. அப்போது அது ஜெர்மன் காலனி. பாலைவனத்தின் நடுவே ஆஸ்பத்திரி, நடன மண்டபம், ஐஸ் தொழிற்சாலை எல்லாம் எழும்பின. தொழிலாளர்கள் வைரத்தை விழுங்கிக் கடத்துகிறார்களா என்று பார்க்க எக்ஸ்ரே கருவிகூட இருந்தது. 1928-ல் தெற்கே ஆரஞ்சு ஆற்று முகத்துவாரப் பக்கம் இதைவிடப் பெரிய வைரப் படுகை கிடைத்ததும் ஜனங்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். 1956 வாக்கில் ஊரே காலி.

அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்களில் பலர், ஜெர்மானியரை எதிர்த்த 1904-08 போரில் பிடிபட்ட அந்த மண்ணின் ஹெரேரோ, நாமா மக்கள். அவர்கள் ஆயிரக்கணக்கில் செத்துப்போன ஷார்க் தீவு முகாம், பக்கத்து லூடரிட்ஸிலேயே இருந்தது. சிதைவின் அழகு என்று மட்டும் இந்த ஊரைப் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் இதைச் சொல்லிவிட்டு மணலுக்கு வருகிறேன்.

மணல் பறப்பதில்லை, தத்துகிறது. பறப்பது தூசி. மணல் துகளுக்கு எடை அதிகம். காற்று அதைக் கிளப்பும், ஒரு தாவு தாவும், விழும். விழுகிற வேகத்தில் கீழே கிடக்கும் நாலைந்து துகள்களை எற்றிவிடும், அவையும் தாவும். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் பட்டுக் காய்கள் சிதறுவதைப் போலத்தான். பெரும்பாலான தாவல்கள் முழங்கால் உயரத்தைக்கூடத் தாண்டாது. பாலைவனத்தில் காற்று வீசும்போது கணுக்கால் எரியும், முகம் அவ்வளவாக எரியாது என்றால் அதற்கு இதுதான் காரணம்.

இதை உட்கார்ந்து அளந்தவர் ரால்ஃப் பாக்னோல்ட். பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். லிபியப் பாலைவனத்தில் பழைய ஃபோர்டு காரை ஓட்டிக்கொண்டு திரிந்தவர். ஊர் திரும்பியபின் லண்டனில் ஒரு காற்றுச் சுரங்கம் (விசிறியால் காற்றை ஓட்டிப் பார்க்கும் நீளமான பெட்டி) செய்து, மணலை உள்ளே கொட்டி, 1930-களில் சோதனை சோதனையாக நடத்தினார். அவர் கண்டுபிடித்ததில் நமக்கு வேண்டியது இது: காற்று சுமக்கும் மணலின் அளவு, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் மணல் எட்டு மடங்கு.

இதைத் திருப்பிப் போட்டால்தான் வீடு எப்படி நிரம்பியது என்பது புரியும். சுவரில் மோதியோ அறைக்குள் நுழைந்தோ காற்றின் வேகம் பாதியானால், அது சுமக்க முடிந்தது எட்டில் ஒரு பங்குதான். மீதி ஏழு பங்கை அங்கேயே போட்டுவிட வேண்டியதுதான். பாலைவனத்தில் வீடு கட்டுவது என்றால் காற்றுக்கு ஒரு சுமைதாங்கிக் கல் நட்டு வைப்பதைப் போல. வருகிற காற்றெல்லாம் பாரத்தை அங்கே இறக்கிவிட்டுப் போகும்.

முழங்கால் உயரம் தாவுகிற மணல், இடுப்புயர ஜன்னலை எப்படி எட்டியது? எட்டவில்லை. முதலில் வெளிச்சுவரை ஒட்டிச் சேர்ந்து சேர்ந்து ஒரு சாய்தளம் போட்டுக்கொண்டது. அந்தச் சாய்தளம் ஜன்னல் கட்டை வரைக்கும் வந்தபிறகு உள்ளே கொட்ட ஆரம்பித்தது. ஆட்கள் இருந்த காலத்தில் வாரிக் கொட்டிக்கொண்டே இருந்திருப்பார்கள். வாருவதற்கு ஆள் இல்லாமல் போனதும், கண்ணாடி உடைந்த ஒவ்வொரு ஜன்னலும் ஒரு வாய்க்கால் மடை ஆகிவிட்டது.

நல்ல கோல்மன்ஸ்கோப் படம் ஒன்று கிடைத்தால் மணலின் சரிவைக் கவனியுங்கள். ஜன்னலுக்குக் கீழே வழவழவென்று இறங்கும் சரிவு, எந்த அறையிலும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் இருக்கும். 32, 33 டிகிரி. உலர்ந்த மணல் அதற்குமேல் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். வீட்டில் ரவையைத் தாம்பாளத்தில் மெதுவாகக் கொட்டிப் பாருங்கள். குவியல் உயரும், ஒரு கட்டத்தில் பக்கவாட்டில் சரியும், மறுபடி உயரும், சரிவு மட்டும் மாறாது. அதே கணக்குதான். காற்று நேராக வந்து தடவும் இடத்தில் அலை அலையாக வரி இருக்கும். காற்று எட்டாத மூலையில் வரி இருக்காது, சரிந்து விழுந்த வழவழப்பு மட்டும்தான். படத்தைப் பார்த்தே அந்த அறையில் காற்று எதுவரை வந்து நின்றது என்று சொல்லிவிடலாம். எனக்கு இது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

சரி, மணல் வந்தது. நூறு வருஷப் பெயின்ட்டும் கதவும் எப்படி மிஞ்சின? நம் ஊரில் பத்து வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் என்ன இருக்கும் என்று தெரியும்: கறையான், பாசி, சுவரைப் பிளந்த ஆலங்கன்று. இவை எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு அங்கே வேலை இல்லை. சென்னையில் வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. லூடரிட்ஸில் 20 மில்லிமீட்டர் தேறினால் பெரிது. அந்தக் கரையோரம் ஓடும் பெங்குவேலா நீரோட்டம் ஜில்லென்று இருப்பதால் கடல்மேல் இருக்கும் காற்றும் குளிர்ந்து கனத்துப் போகிறது. கனத்த காற்று மேலே ஏறாது. ஏறாவிட்டால் மழை மேகம் ஏது? மூடுபனி மட்டும் வரும். அது இரும்பைத் துருப்பிடிக்க வைக்கப் போதும், மரத்தை மட்க வைக்கப் போதாது. 1964 புயலுக்குப் பிறகு கைவிடப்பட்ட தனுஷ்கோடியும் மணலில் நிற்கும் ஊர்தான். ஆனால் அங்கே உப்பும் ஈரமும் சேர்ந்துகொண்டு சுவரின் எலும்பைத்தான் விட்டுவைத்திருக்கின்றன. கதவு, பெயின்ட் என்று தேடினால் கிடைக்காது.

அடுத்து வெளிச்சம். இங்கேதான் நம் ஆட்கள் ஒரு விஷயத்தில் ஏமாறுவார்கள். கோல்மன்ஸ்கோப் மகர ரேகைக்கும் தெற்கே இருக்கிறது. அங்கே வருஷம் முழுக்க மத்தியான வெயில் வடக்குப் பக்கமிருந்துதான் வரும். தமிழ்நாட்டு வெயிலை மனதில் வைத்துக்கொண்டு அறையைத் தேர்ந்தெடுத்தால் கதை கந்தல். பலத்த காற்று வீசுவதோ பெரும்பாலும் தெற்கு, தென்மேற்குத் திசையிலிருந்து. ஆக, மணல் ஒரு பக்கத்து ஜன்னல் வழியாகவும் வெயில் எதிர்ப் பக்கத்து ஜன்னல் வழியாகவும் உள்ளே வருகின்றன. இரண்டுக்கும் வழி இருக்கிற அறையில், வெயில் மணல் சரிவின்மேல் போய் விழும். விழுந்த வெயில் அங்கேயே நிற்பதில்லை, சிதறி மேலே போகும். சினிமா படப்பிடிப்பில் நடிகர் முகத்துக்குப் பக்கத்தில் தெர்மோகோல் பலகை பிடிப்பார்களே, அந்த வேலையை மணல் செய்கிறது. கூரையிலும் சுவரிலும் ஒரு மஞ்சள் சாயல் ஏறுகிறது. வானத்தின் வெளிச்சம் மட்டும் எட்டும் மூலைகள் நீலம் பாய்ந்து கிடக்கின்றன. சூடான நிறமும் குளிர்ந்த நிறமும் அடுத்தடுத்து வருவதால்தான் அந்த அறைகளுக்கு அப்படி ஒரு ஆழம். கேமராவின் ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று முடிவு செய்யும் அமைப்பை) ஆட்டோவில் விட்டால், இரண்டையும் சமன் செய்கிறேன் என்று அது பாழாக்கிவிடும். வெயிலுக்கான அமைப்பில் பூட்டிவிடுவது நல்லது.

வெளியே மணல்மேடுகளை எடுப்பதாக இருந்தால் நேரம்தான் எல்லாம். மணல் வரிகளின் பின்சரிவு 30 டிகிரியைத் தாண்டாது. சூரியன் அதைவிடத் தாழ்வாக இருக்கும்வரைதான் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல். சூரியன் 30 டிகிரிக்குமேல் ஏறிவிட்டால் அந்த நிழலுக்கே வழியில்லை. கண்ணுக்கு வரி தெரியலாம், படத்தில் மணல் சப்பையாகப் போய்விடும். கணக்குப் போட்டால் சூரியன் உதித்து இரண்டிலிருந்து மூன்று மணி நேரம்தான் கெடு. சாயங்காலம் இன்னொரு வாய்ப்பு உண்டு, ஆனால் அதற்குள் காற்று பிடித்திருக்கும். தரை சூடாகச் சூடாக, குளிர்ந்த கடலுக்கும் சுட்ட தரைக்கும் வித்தியாசம் கூடிக் காற்று வலுக்கும். இதனால்தான் சூரிய உதயத்திலிருந்தே உள்ளே இருக்க அனுமதிக்கும் தனிச் சீட்டைப் புகைப்படக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இனி கேமரா செய்யும் தப்பு. ராஜஸ்தானில் சாம் மணல்மேடுகளில் நான் முதன்முதலாக எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களிலும் மணல் சிமென்ட் நிறத்தில் இருந்தது. கேமராவில் கோளாறு என்றே நினைத்தேன். கோளாறு இல்லை, அதன் அனுமானம் அப்படி. எதைக் காட்டினாலும், சராசரியாக அது விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்று வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எடுத்துக்கொள்கிறது. தெரு, மரம், மனிதர் என்றால் இது ஓரளவு சரிவரும். உலர்ந்த வெளிர் மணலோ அதைப் போல இரண்டு மடங்கு திருப்பி அனுப்பும். 'அடடா, வெளிச்சம் ஜாஸ்தி' என்று மீட்டர் குறைத்துவிடும், மணல் சாம்பலாகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது மீட்டர் சொல்வதைவிட ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, கூட்டல் 1-ல் வைத்தால் சரியாகிவிடும். செல்போன் என்றால் மணலைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும். நம்மூர்த் தேரிக்காட்டுச் செம்மணலில் இதே வைத்தியம் பலிக்காது. அந்த மணல் இருண்டது, கூட்டினால் சிவப்பு வெளுத்துவிடும்.

அறைக்குள் பிரச்சினை வேறு. ஜன்னலுக்கு வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்றால், உள்ளே இருட்டு மூலையில் 50 இருக்கலாம். இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு இரட்டிப்பையும் ஒரு ஸ்டாப் என்று எண்ணுவார்கள், இது 11 ஸ்டாப். வெளியே மணல் வெளுப்பு, உள்ளே கதவு கருப்பு என்பதையும் சேர்த்தால் 13, 14-க்குப் போய்விடும். நல்ல கேமராவின் ரா ஃபைல் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருப்பது) இதைத் தட்டுத் தடுமாறிப் பிடிக்கும், சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் பிடிக்காது. நம் கண் இதை உணர்வதே இல்லை. ஜன்னலைப் பார்க்கும்போது ஒரு அமைப்பு, மூலையைப் பார்க்கும்போது இன்னொரு அமைப்பு என்று மாற்றிக்கொண்டே இருக்கும், மூளை ஒட்டுப்போட்டுவிடும். கேமராவில் அந்த ஒட்டு வேலையை நாம் செய்ய வேண்டும்: ட்ரைபாடில் வைத்து, ஜன்னலுக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று, நடுவே ஒன்று என்று எடுத்துப் பிறகு இணைப்பது. செல்போன் இதைக் கேட்காமலேயே செய்கிறது. சில நேரம் அளவுக்கு மீறிச் செய்து, நிழலே இல்லாத அறையைக் கையில் கொடுக்கும். என்னைக் கேட்டால், ஒரே படம், ஜன்னல் கொஞ்சம் வெளுத்துப் போனாலும் பரவாயில்லை. இருட்டு இருட்டாக இருந்தால்தான் அது கைவிடப்பட்ட வீடு.

ட்ரைபாட் என்றதும் ஒரு எச்சரிக்கை. மணலில் வைத்த கால் உடனே இறங்காது, மெதுவாக இறங்கும். நாலு விநாடி ஒளி வாங்கி எடுக்கும் படத்தில் அரை மில்லிமீட்டர் இறங்கினாலும் படம் மங்கிவிடும். வைத்தபின் தலையில் கைவைத்து நன்றாக அழுத்தி, இறங்குகிறதை முதலிலேயே இறக்கிவிட வேண்டும்.

அப்புறம் தூசி. மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினமானது. சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தால் உப்புத்தாளால் தேய்த்தது போலத்தான். ஊதி எடுத்த பிறகே துணி. அங்கே லென்ஸைக் கழற்றாமல் இருப்பது உத்தமம். கழற்றி, படத்தைப் பதியும் சென்சாரில் தூசி உட்கார்ந்துவிட்டால், லென்ஸின் துவாரம் மிகச் சிறிதாக இருக்கும் எஃப்/22-ல் வானம் முழுக்கப் பொட்டு பொட்டாகத் தெரியும். துவாரம் சிறுக்கச் சிறுக்க ஒளி நெருக்கமான கற்றையாக வந்து, துகளின் நிழலைக் கூர்மையாக விழ வைக்கிறது. துவாரம் பெரிதாக இருக்கும் எஃப்/8-ல் அதே தூசி கரைந்துபோகும்.

பிறர் கால்தடம் படத்தைக் கெடுக்கிறது என்பது அங்கே போய் வருபவர்களின் நிரந்தரப் புலம்பல். வெளியே ஒரு சாயங்காலக் காற்று போதும், தடம் போய்ப் புது வரி விழுந்துவிடும். ஜன்னலோர அறைகளிலும் அப்படியே. உள்ளறையில்தான் சிக்கல். அங்கே காற்று மணலைக் கிளப்பும் வேகத்தில் இல்லை. மிதித்த தடம் அப்படியே கிடக்கும். விவரம் தெரிந்தவர்கள் காற்றடித்த நாளுக்கு மறுநாள் விடியலில் போய், முதலில் வாசலில் நின்றபடி எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் சுவரோரமாக உள்ளே கால் வைக்கிறார்கள்.