"அந்தக் கதையில் வருவது நான்தான்"

இளையோர் நாவல்களில் அடிக்கடி தென்படும் பாத்திரம் ஒன்று உண்டு. உடன்பிறந்தவரோ உயிர்த்தோழியோ இறந்துபோக, இவள் மட்டும் மிஞ்சியிருப்பாள். பிறகு படிப்பை விடுவாள், குடிப்பாள், கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுவாள், அன்பு காட்ட வருபவர்களை ஒவ்வொருவராக விரட்டுவாள். பெரியவர்கள் படித்தால் திமிர் என்பார்கள். உளவியல் ஆலோசகரான என்னிடம் வரும் பிள்ளைகளோ, "அது நான்தான்" என்கிறார்கள்.

நான் சந்தித்த பலரைக் கலந்து ஒருவனாகச் சொல்கிறேன். அண்ணன் இறந்த இரவில் வந்த அழைப்பை அவன் எடுக்கவில்லை. முந்தைய நாள் சண்டை, அதனால் கோபம். அன்றுமுதல் சரியாகச் சாப்பிடுவதில்லை, நண்பர்களைப் பார்ப்பதில்லை. காரணம் கேட்டபோது, "சிரித்தால் அவனுக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது" என்றான். வெளியே ஒழுங்கின்மையாகத் தெரிவது உள்ளே மிகக் கறாரான ஒழுங்கு. குற்றம் சாட்டுபவன், நீதிபதி, கைதி எல்லாம் அவனேதான்.

பின்புத்தி செய்யும் வேலை இது. முடிவு தெரிந்துவிட்ட பிறகு, அதை முன்பே ஊகித்திருக்க முடியும் என்று மனம் அடித்துச் சொல்லும். உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-இல் சோதனைகள் மூலம் இதைக் காட்டினார். அன்றைய இரவில் இருந்தவன் கோபத்தில் இருந்த ஒரு தம்பி. இன்றைக்குத் தெரிந்ததைக் கொண்டு அவனுக்குத் தீர்ப்பு எழுதுகிறோம். அதைவிடச் சங்கடமான இன்னொன்றும் உண்டு: "என்னால் நேர்ந்தது" என்று நம்புவது, "யாராலும் தடுத்திருக்க முடியாது" என்பதைவிடச் சில நேரம் தாங்கக்கூடியதாக இருக்கிறது. குற்ற உணர்வு போய்விட்டால் அண்ணனோடு இருக்கும் கடைசி இழையும் அறுந்துவிடும் என்ற பயமும் அதில் உண்டு.

ஆகவே "உன் மேல் தப்பில்லை" என்று முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் சொல்லியிருக்கிறேன். எதிரே இருந்த முகம் அப்படியே மூடிக்கொண்டது. அந்த இரவை முழுதாகச் சொல்லவிடுங்கள். அப்போது அவனுக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்திருக்கவில்லை என்று அவன் வாயாலேயே வரட்டும்.

நாவல்கள்மீது எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. கடைசி அத்தியாயத்தில் ஒரு காதலோ ஒரு நீண்ட அழுகையோ எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறது. நிஜத்தில் துக்கம் நேர்க்கோட்டில் போவதில்லை. ஒரு நாள் இழப்பில் மூழ்குவதும் மறுநாள் அன்றாட வேலைகளில் ஈடுபடுவதுமாக மாறி மாறிப் போவதே இயல்பு என்று துக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் ஸ்ட்ரோபேயும் ஷூட்டும் 1999-இல் விளக்கினார்கள். ஆறு மாதத்துக்கு மேலும் துக்கம் தணியாமல் அன்றாட வாழ்வை முடக்கினால், அதை நீடித்த துக்கக் கோளாறாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு கருத இடமளிக்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு.

ஆபத்தான பழக்கங்கள் கூடினாலோ, "நானும் போயிருக்கலாம்" என்ற பேச்சு வந்தாலோ ஆறு மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால், தனியாக விடாமல் உடன் இருந்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.