"ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சிருக்கேனே, சார்!"

அழிந்துபோன தரவை மீட்டுத் தருவதுதான் என் வேலை. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் அலுத்துப்போன வாக்கியம் மேலே இருக்கிறது. விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி, ஒரு நேரத்தில் இருந்த நிலைக்குப் பிறகு திரும்ப உதவும் வசதிதான் ஸ்னாப்ஷாட். போன வாரம் அந்த வாக்கியத்தை மறுபடியும் கேட்டேன்.

வந்தவர் ஓர் ஆய்வு மாணவர். விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் உபுண்டு எனும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, மாதக்கணக்கில் அதற்குள்ளேயே நிரல் எழுதியிருக்கிறார். ஆய்வுத் தரவும் அதற்குள்தான். மடிக்கணினியில் இடம் தீர்ந்துபோக, எது அடைக்கிறது என்று தேடியிருக்கிறார். 'ஸ்னாப்ஷாட்ஸ்' என்றொரு ஃபோல்டர் கிடைத்தது. உள்ளே எழுத்தும் எண்ணுமாய் நீளமான பெயர்களில் பெரிய பெரிய கோப்புகள். பழைய நகல்கள்தானே என்று மொத்தத்தையும் அழித்துவிட்டார். அந்த மெஷினுக்கு வட்டாக இருக்கும் முதன்மை விடிஐ கோப்பு மட்டும் பத்திரமாக இருந்தது. அதில் இருந்தது உபுண்டு நிறுவிய அன்றைய நிலை, அதாவது காலி டெஸ்க்டாப்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் லினக்ஸை எட்டிப் பார்ப்பவர்கள் நிறைய. அதை முதலில் விர்ச்சுவல் மெஷினில் போட்டுப் பார்ப்பது நல்ல யோசனைதான், நானும் அதையே சொல்வேன். நிறுவும் முறையை விளக்க வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. பயாஸில் எதை இயக்க வேண்டும், ரேம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். போட்டுப் பார்ப்பதோடு நிற்காமல் அதிலேயே குடியேறிவிடுகிறார்களே, அங்கேதான் சிக்கல்.

ஸ்னாப்ஷாட் என்றதும் பெரும்பாலோர் நினைப்பது இதுதான்: இப்போதைய நிலையை அப்படியே நகலெடுத்து ஓர் ஓரமாக வைத்துவிடுகிறது; நாம் அசலில் வேலையைத் தொடர்கிறோம். நடப்பது நேர்மாறு. நகல் எதுவும் எடுக்கப்படுவதில்லை. அதுவரை இருந்த வட்டுக் கோப்பு அப்படியே பூட்டப்படுகிறது. அதன்பின் நீங்கள் எழுதுவது, மாற்றுவது, அழிப்பது எல்லாம் ஒரு புதிய கோப்பில் போய்ச் சேரும். கணக்கு நோட்டை மூடி முத்திரை வைத்துவிட்டு, அன்றிலிருந்து வரும் வரவு செலவை மட்டும் இன்னொரு நோட்டில் எழுதுவதைப் போல. இன்றைய இருப்பு தெரிய வேண்டுமானால் இரண்டு நோட்டும் வேண்டும். இன்னொரு ஸ்னாப்ஷாட் எடுத்தால் மூன்றாவது நோட்டு. நடுவில் ஒன்று தொலைந்தாலும் அதற்குப் பின்னால் உள்ளவை உதவாது.

ஆகவே விர்ச்சுவல்பாக்ஸின் ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரில் இருப்பவை பழைய குப்பை அல்ல. உங்களுடைய ஆகப் புதிய உழைப்பு இருப்பதே அங்கேதான். பழையது முதன்மைக் கோப்பில் இருக்கிறது. எத்தனை பேரிடம் சொன்னாலும் முதல் தடவை நம்பமாட்டார்கள். ஃபோல்டருக்கு அப்படிப் பெயர் வைத்தவர்கள் மீது எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு.

இன்னொன்று. இத்தனை கோப்புகளும் ஒரே வட்டில்தான் இருக்கின்றன. வட்டு பழுதானால், மடிக்கணினி திருடு போனால், கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் புகுந்தால் எல்லாம் சேர்ந்தே போகும். ஐம்பது ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தாலும் அது பேக்கப் ஆகாது. ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் பின்வாங்க உதவும் வசதி, அவ்வளவே. பின்வாங்கும்போதும் கவனம் தேவை: பழைய நிலைக்குத் திரும்பினால் அதற்குப் பிறகு செய்த வேலை போய்விடும். 'இப்போதைய நிலையையும் ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுக்கவா' என்று கேட்கும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுத் திரும்புங்கள்.

பழைய ஸ்னாப்ஷாட் வேண்டாம் என்றால் விர்ச்சுவல்பாக்ஸின் சாளரத்திலிருந்தே நீக்குங்கள், ஃபைல் எக்ஸ்புளோரரில் நுழைந்து அல்ல. சாளரத்தில் நீக்கினால் இப்போதைய வேலை அழியாது. இரண்டு கோப்புகள் ஒன்றாக இணைக்கப்படும். அதற்கு நேரமும் எடுக்கும், காலி இடமும் வேண்டும். நகரவில்லையே என்று பாதியில் பவர் பட்டனை அமுக்கியவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இடம் தீரும் வரை ஏன் விடுகிறீர்கள் என்பதும் எனக்குப் புரிந்ததில்லை. உள்ளே 100 ஜிபி வட்டு என்று காட்டும். வெளியே உண்மையான வட்டில் 30 ஜிபிதான் மிச்சம் இருக்கும். தேவைக்கேற்ப வளரும் வகை வட்டு, வளர இடமில்லாமல் ஒரு நாள் முட்டி நிற்கும். உள்ளே கோப்புகளை அழித்தாலும் வெளியே விடிஐ தானாகச் சுருங்காது.

சரி, உண்மையான பேக்கப் எப்படி? மெஷினை முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். நிலையைச் சேமித்து மூடுவது போதாது. எக்ஸ்போர்ட் வசதியால் மெஷினை ஒரே ஓவிஏ கோப்பாக்கி, வெளி வட்டு ஒன்றில் போடுங்கள். இதில் இப்போதைய நிலை மட்டும்தான் போகும், ஸ்னாப்ஷாட்கள் போகா. போகட்டும், நமக்கு வேண்டியது அதுதான். அதை வேறொரு கணினியில் ஒரு தடவையாவது இம்போர்ட் செய்து திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. நிரலும் ஆய்வுக் கட்டுரையும் மட்டுமே முக்கியம் என்றால் இவ்வளவு கூட வேண்டாம்: தினமும் அந்தக் கோப்புகளை மட்டும் விஎம்முக்கு (விர்ச்சுவல் மெஷினுக்கு) வெளியே, வேறு வட்டுக்கோ, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்துக்கோ அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, வட்டை அழிக்கும் கேள்வி. நிறுவும்போது 'வட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவவா' என்று கேட்கும். விஎம்முக்குள் அது அழிப்பது விடிஐ கோப்பின் உள்ளடக்கத்தை மட்டுமே, விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. அப்படிப் பழகிய கை, அடுத்த மாதம் யுஎஸ்பி வழியாக நிஜக் கணினியில் நிறுவும்போதும் யோசிக்காமல் அதே பட்டனை அழுத்துகிறது. அங்கே அழிவது உங்கள் குடும்பப் புகைப்படங்கள். தயவுசெய்து அந்தத் திரையில் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

விஎம்மும் வெளிக் கணினியும் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஃபோல்டர் வசதிக்கும் ஒரு வார்த்தை. விஎம்முக்குள் இருந்துகொண்டு அந்த ஃபோல்டரில் ஒன்றை அழித்தால், வெளியே அசல் அழியும். படிக்க மட்டும் என்ற தேர்வு எதற்கு இருக்கிறது? அப்புறம், லினக்ஸை நிறுவத் தேவைப்படும் ஐஎஸ்ஓ கோப்பை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே எடுங்கள், எடுத்த பிறகும் சரிபாருங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்திலேயே ஊடுருவி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். யாரோ தயாராகச் செய்து பகிரும் விஎம் கோப்புகளைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஏற்கெனவே அழித்துவிட்டவர்களுக்கு: கணினியை உடனே அணைத்துவிடுங்கள். எஸ்எஸ்டியாக இருந்தால் ட்ரிம் எனும் வசதி, அழித்த கோப்பின் தடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும். அப்புறம் யாராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மீட்பு மென்பொருளை அதே வட்டில் நிறுவாதீர்கள். மிஞ்சிய முதன்மை விடிஐயைப் புது மெஷினில் மாட்டி ஓட்டிப் பார்க்கவே பார்க்காதீர்கள். அதில் சிறிது மாறினாலும், மீட்கப்படும் ஸ்னாப்ஷாட் கோப்பு அதனுடன் பொருந்தாது. அப்படியே கொண்டுவாருங்கள். இடையில் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.