ஒட்டுப் போர்வைக்கு முதலில் ஒரு வாளித் தண்ணீர்

போன மாதம் ஒரு பெரியம்மா கட்டைப்பையில் போர்வை ஒன்றைச் சுருட்டி எடுத்துவந்தார். பேரனுக்காக, துண்டுத் துணிகளைச் சேர்த்து அவரே தைத்த ஒட்டுப் போர்வை. "அம்மணி, இதக் கொஞ்சம் பாரு. ஒரு தடவதான் தொவச்சேன், அப்பளமாட்ட சுருண்டுக்கிச்சு" என்றார்.

விரித்துப் பார்த்தேன். தையலில் குறை சொல்ல முடியாது, நேராகவே ஓட்டியிருந்தார். துணிதான் தப்பு. பாதி, கிலோ கணக்கில் வாங்கிய பனியன் பிட்டு. மீதி பெட்ஷீட் கட் பீஸ். பனியன் துணி வளையம் வளையமாகப் பின்னியது, இழுத்த பக்கம் நீளும். பெட்ஷீட் தறியில் பாவும் ஊடையுமாக நெய்தது, பெரிதாக நீளாது. இரண்டையும் சேர்த்துத் தைத்துத் தண்ணீரில் போட்டால் ஒன்று சுருங்கும், இன்னொன்று அந்த அளவு சுருங்காது. திருப்பூர்ப் பக்கம் பிட்டு மலிவாகக் கிடைப்பதால் எங்கள் ஊரில் இந்தத் தவறு அதிகம். கையில் எடுத்த துண்டைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நீண்டு, ஓரம் சுருண்டுகொண்டால் அது பனியன். தனியே வையுங்கள், தலையணைக்குள் திணிக்க ஆகும்.

பனியன் கம்பெனியில் பல வருடம் மெஷினில் உட்கார்ந்துவிட்டு, இப்போது பெருந்துறைப் பக்கம் தையல் வகுப்பு நடத்துகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் மெஷினைப் பற்றித்தான் பயம். எனக்குப் பயம் வாளியைப் பற்றி. போர்வையின் குறை தைக்கிற அன்று தெரியாது, முதல் சலவையில்தான் வெளியே வரும். அதனால் அந்தச் சலவையை வெட்டுவதற்கு முன்பே முடித்துவிடச் சொல்வேன்.

சென்னிமலை பெட்ஷீட்டோ, ஈரோடு ஜவுளிச் சந்தையில் வாங்கிய காட்டனோ, புதுத்துணியில் கஞ்சி இருக்கும். 36 இஞ்ச் துணி துவைத்ததும் ஒன்று, ஒன்றரை இஞ்ச் குறைவது சாதாரணம். சிவப்பு, கருநீலம், பச்சை எல்லாவற்றையும் தனித்தனியாக ஊறவையுங்கள். பிறகு ஈரத்துணியின் மேல் பழைய வெள்ளை வேட்டித் துண்டை வைத்து அயர்ன் பண்ணுங்கள். வேட்டியில் நிறம் ஒட்டினால் மறுபடி அலச வேண்டும். கல் உப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். சாயப்பட்டறையில் உப்பு போடுவது நூலில் சாயம் ஏறுவதற்காக. (அந்த உப்பு எங்கே போனது என்று நொய்யல் ஆற்றைக் கேளுங்கள்.) ஏறாமல் மிஞ்சிய சாயத்தை வீட்டில் போடும் உப்பு கட்டிப்போடாது. நான்கு அலசுக்குப் பிறகும் ஒட்டினால், எவ்வளவு அழகான துணியாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். நான் முதன்முதலில் தைத்த போர்வையில் ஒரே ஒரு சிவப்புத் துண்டுதான். வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ரோஸ் ஆகிவிட்டன.

முதல் போர்வை சிறியதாகவே இருக்கட்டும். ஆறு இஞ்ச் சதுரத்தில் 48 துண்டு. அகலத்துக்கு ஆறு, நீளத்துக்கு எட்டு. 36க்கு 48 வரும் என்று நினைப்பீர்கள், வராது. கால் இஞ்ச் தையல் விட்டால் ஒவ்வொரு சதுரமும் ஐந்தரை ஆகிவிடும், முடிவில் 33க்கு 44. கால் இஞ்சுக்கு மேல் ஒரு நூல் (அரைக்கால் இஞ்ச்) கூடுதலாகப் பிடித்தாலும், இரண்டு துண்டிலும் சேர்த்து நீளவாட்டில் உள்ள ஏழு தையலில் ஒன்றே முக்கால் இஞ்ச் போய்விடும். அடுத்த வரிசையோடு மூலை சேராது. அட்டையை அளவாக வைத்து வரையாதீர்கள், இருபது துண்டுக்குள் மூலை மழுங்கிவிடும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு வரிசையின் தையல் மடிப்பை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் அயர்ன் பண்ணினால் மூலைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும்.

நடுவில் வைக்க, பஞ்சு ஷீட் என்றால் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) போதும். நம் ஊர் வெயிலுக்கு, நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்திச் சேலையே மேல் என்பேன். உதிரிப் பஞ்சு வேண்டாம், துவைத்தால் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். அடித்துணியும் நடுத்துணியும் சுற்றிலும் இரண்டு இஞ்ச் பெரிதாக இருக்கட்டும். தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சாண் இடைவெளியில் நூலோட்டம் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போடுங்கள். மெஷின் தையலும் நடுவிலிருந்துதான். ஓரத்தில் தொடங்கினால் மேல்துணி முன்னால் தள்ளிப்போய்க் கொசுவம் விழும். 16 நம்பர் ஊசி, பெரிய தையல். ஓரம் மடிக்க இரண்டரை இஞ்ச் பட்டை 165 இஞ்ச் நீளத்துக்கு வேண்டும்.

அந்தப் பெரியம்மாவின் போர்வையைப் பிரித்தபோது நடுத்துணிக்குள் ஒரு குண்டூசி கிடைத்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு வயது ஆகாத குழந்தைக்குப் போர்வையைப் போர்த்தவே கூடாது, முகத்தில் விழுந்தால் அதற்கு விலக்கத் தெரியாது. விழித்திருக்கும்போது தரையில் விரித்து, பக்கத்திலேயே இருந்து விளையாடவிடலாம், அதுவும் பட்டன், ஜிமிக்கி எதுவும் இல்லாமல். குண்டூசிக்கு முதலிலேயே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: நாற்பது எடுத்தால் நாற்பதும் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். கம்பெனியில் ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடியெடுத்து நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். வீட்டில் உடைந்தாலும் துண்டுகளைக் காகிதத்தில் வைத்து முழு ஊசி சேருகிறதா என்று பாருங்கள். முனை கிடைக்காவிட்டால் பழைய ஸ்பீக்கர் காந்தத்தால் போர்வை முழுக்கத் தடவுங்கள். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தைப் பிரித்துப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.